ஏழு மணி ஊசி

செலினின் பூனைக்கு மூச்சிரைப்பு. அதற்குக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையால் சர்க்கரை வந்தது. காலை ஏழு, மாலை ஏழு என இரண்டு வருடங்களாக இன்சுலின் போட்டாள். படுக்கையில் கிடக்கும் அம்மாவை ஒரு மாதம் வந்து பார்த்துக்கொள்ள அண்ணன் கூப்பிடும்போதெல்லாம் ஊசியைத்தான் காரணம் சொன்னாள். மாத்திரையை மெல்லக் குறைத்துவந்த டாக்டர் இன்று, "சர்க்கரை இறங்கிடுச்சும்மா. இனி ஊசி வேண்டாம். தாராளமா வெளியூர் போய்ட்டு வாங்க," என்றார்.

திரும்பும் வழியில், ஆட்டோவிலேயே அண்ணனின் போன் வந்தது. "பூனைக்கு இப்ப எப்படி இருக்கு?"

மடியிலிருந்த கூடைக்குள் அது உறங்கிக்கொண்டிருந்தது. "அப்படியேதாண்ணே இருக்கு."

அவனுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "பாவம், வாயில்லா ஜீவன். அதையே பாத்துக்கச் சொல்லுடா."