மேலே நிற்கும் வெள்ளை

ஜன்னல் வெயில் கழுவுதொட்டியின் விளிம்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது. சுழற்றும் இயந்திரம் இரைச்சல் அடங்கி நிற்க, ஆராய்ச்சிக்காரி கண்ணாடிக் குழாயை எடுத்துத் தொட்டிமேல் சாய்க்கிறாள். மேலே நிற்பதைக் கொட்டு, அடியில் படிந்ததை வைத்துக்கொள் என்பது அவள் கைக்கு ஊறிப்போன பழக்கம். "அடிப்பாவி, கொட்டிடாதே! மேல நிக்கிறதுதான்டி சரக்கு!" அடுத்த மேசையிலிருந்து அலறுகிறாள் கூட வேலை பார்க்கும் சோடாபுட்டி. கை அப்படியே நிற்கிறது. குழாயின் வாயில் ஒரு சொட்டு தொங்குகிறது, விழவில்லை. மழைக்காலம் முழுக்கக் கண்ணும் கருத்துமாக வளர்த்த நீலப்பச்சைப் பாசி அது. மெல்லக் குழாயை நிமிர்த்துகிறாள். பாசியின் செல்களை உடைத்து எடுத்த புரதக் கூடுகள், பாலாடை மாதிரி மேலே மிதக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூடு ஒவ்வொன்றுக்குள்ளும் காற்று. யாரும் ஊதிய காற்றில்லை. கூட்டின் சுவர் தண்ணீரை வாசலிலேயே நிறுத்திவிட, காற்று தானாக வந்து குடியேறிக்கொள்கிறது. கையும் காலும் இல்லாத பாசி அதை நம்பித்தான் வெளிச்சத்துக்கு ஏறி வருகிறது. "இவ்ளோ சுத்தியும் அடியில போகல பாரேன்." "போகுமா? மிதக்கறதுக்குன்னே பொறந்ததாச்சே!" "அதைப்போய் அழுக்குத் தண்ணியோட கொட்டப் பார்த்தேனே." குழாயை வெயிலுக்கு நேரே பிடிக்கிறாள். மெல்ல ஒருமுறை அசைத்துப் பார்க்கிறாள். தண்ணீர் ஆடுகிறது; வெள்ளையும் கூடவே ஆடி, மேலேயே நிற்கிறது.