சீனருக்கு மட்டும்

"நீ வாயத் தொறக்காம இரு, போதும். வீட்டுக்காரத் தவுக்கேகிட்ட நான் சீனத்துல பேசி எல்லாம் முடிச்சிட்டேன்லா."

காரைப் பூட்டியபடியே சொன்னான் தர்மேந்திரன். அவன் மனைவி ரோஷினி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"குரல் சரி. மூஞ்சிய என்ன பண்றதா உத்தேசம்? அதையும் சீனத்துல மாத்திட்டீங்களா?"

ஈப்போ பக்கத்துக் கோப்பெங்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். மூன்றாவது மாடியில் ஒரே ஓர் அறை கொண்ட வீடு. விளம்பரத்தில் 'சீனருக்கு மட்டும்' என்று பெரிய மனது பண்ணி மூன்று மொழிகளில் போட்டிருந்தார்கள், யாருக்காவது புரியாமல் போய்விடக் கூடாதே என்று. தர்மேந்திரன் சீனப் பள்ளியில் படித்து, சீனக் கூட்டாளிகளோடு வளர்ந்தவன். அவன் போனில் கன்டோனிஸ் சீனம் பேசினால் பெற்ற தாயே சந்தேகப்படுவாள். வீட்டுக்காரரும் அதே மொழியில் கொஞ்சிக் கொஞ்சிப் பேசி, "பதினொரு மணிக்கு வந்து கூப்பிடு" என்று சொல்லியிருந்தார். பெயரைக்கூடக் கேட்கவில்லை. மொழி ஒன்றே போதுமாம்.

கல்யாணமாகி மூன்று மாதம் ஆகிறது. ரோஷினி இங்கே ஒரு பள்ளியில் ஆசிரியை, மூன்று பெண்களோடு ஒரே அறையில் படுக்கை. அவன் கமுந்திங் தொழிற்சாலை விடுதியில் இருக்கிறான். இருவரும் வாட்சப்பில்தான் குடும்பம் நடத்துகிறார்கள். இது ஏழாவது வீடு. முந்தைய ஆறு வீடுகளிலும் அவன் பெயரைச் சொன்ன அடுத்த நிமிடமே வீட்டுக்காரர்களுக்குக் கூரை ஒழுக ஆரம்பித்துவிட்டது.

"இதுவும் இல்லன்னா?" ரோஷினியின் குரலில் இப்போது கிண்டல் இல்லை.

"நேர்ல போய் நின்னா, மூஞ்சிக்கு நேரா இல்லன்னு எவனும் சொல்ல மாட்டான். வா, இன்னும் அரை மணி நேரம் இருக்கு. தண்ணி குடிக்கலாம்."

கீழே இருந்த கோப்பிக் கடையில் கூட்டம். ஒரு மேசையில் மட்டும் இடம் இருந்தது. அங்கே நெற்றி நிறைய விபூதியோடு ஐம்பதைத் தாண்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க தம்பி, நம்ம ஆளுங்கதானே!" என்றவர், கடைக்காரரிடம் கன்டோனிஸிலேயே இரண்டு தேத்தண்ணி சொன்னார். ஈப்போ பக்கம் அது ஒன்றும் அதிசயமில்லை. "என் பேரு கனகராஜ். தம்பி எந்தத் தோட்டம்?"

"எங்க ரப்பர் தோட்டத்த அப்பா காலத்துலயே வித்துட்டாங்கண்ணே. இப்ப கமுந்திங்."

"அட, கமுந்திங்கா! எங்க இவ்ளோ தூரம்?"

அவ்வளவுதான். ரோஷினி கொட்டித் தீர்த்துவிட்டாள். ஆறு கூரைகள், மூன்று மாதம், நாலு பேர் படுக்கும் அறை, ஏழாவதாக ஒரு வீடு பார்க்க வந்தது, விளம்பரம் எல்லாவற்றையும். தன் கணவன் சீனனாகப் பேசியதை மட்டும் வெட்கத்தில் விட்டுவிட்டாள்.

கனகராஜ் மேசையில் ஓங்கித் தட்டினார். கோப்பைகள் குலுங்கின.

"நாம என்ன, வீட்டத் தூக்கிட்டா ஓடிருவோம்? மனுசனுங்களா இவனுங்க? நானும் பட்டிருக்கேன் தம்பி. லகாட் ஊர்ல, தொண்ணூத்தெட்டுல. என் சம்சாரம் வயித்துல பிள்ளையோட வெயில்ல நிக்கிறா. கதவத் தொறந்தான், மூஞ்சியப் பார்த்தான், சாத்திட்டான். இன்னைக்கு வரைக்கும் மறக்க முடியல."

அவர் கண் கலங்கியது. ரோஷினிக்கும் கலங்கியது. பெற்ற அப்பாகூட இப்படிக் கலங்கியதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"நம்ம ஆளுங்க வீடு ஏதாச்சும் பார்த்தீங்களாம்மா?"

"எங்கண்ணே இருக்கு? விளம்பரத்துல ஒண்ணுகூடக் காணோம்."

"அதான் நம்ம இனத்தோட கேடு! வீடு வச்சிருக்கவன் மொதல்ல நம்ம பிள்ளைங்களுக்குத்தான் குடுக்கணும். அப்புறம்தான் அடுத்தவனுக்கு. ஒத்துமை இல்லம்மா நம்மகிட்ட."

"அண்ணே இங்கதான் இருக்கீங்களா?"

"இல்ல, ஈப்போ. ஒரு சின்ன வேலையா வந்தேன்." தேத்தண்ணிக்கு அவரே பணம் கொடுத்தார். தர்மேந்திரன் பையைத் தடவியபோது கையைப் பிடித்துத் தடுத்தார். "அட, சும்மா இரு தம்பி. அண்ணன் எதுக்கு இருக்கேன்?"

இத்தனை நல்லவரை இத்தனை நாள் சந்திக்காமல் போனோமே என்று தர்மேந்திரனுக்கே தோன்றியது.

"மணி பதினொண்ணு. கூப்பிடட்டுமாண்ணே?"

"கூப்பிடு! பயப்படாத. வரச் சொல்லு அவன. 'நாங்க மனுசங்க இல்லையா'ன்னு நேராக் கேளு. நான் பக்கத்துலயே நிக்கிறேன். என் முன்னாடி இல்லன்னு சொல்லட்டும், பார்த்துடலாம்!" கனகராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

ரோஷினி கையெடுத்துக் கும்பிடாத குறை. தர்மேந்திரன் நெஞ்சை நிமிர்த்தி எண்ணைத் தட்டி, போனைக் காதில் வைத்தான்.

கனகராஜின் சட்டைப்பையில் போன் அலறியது.

அவர் அதை எடுத்துப் பார்த்தார். தர்மேந்திரன் காதிலிருந்த போனைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் எண்ணைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து, இரண்டடி தள்ளிப் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு போனை எடுத்தார்.

"அடடா, மன்னிக்கணும் தம்பி, அந்த வீடு இப்பத்தான் போயிடுச்சு" என்று கன்டோனிஸில் அவர் கொஞ்சியது, தர்மேந்திரனின் இரண்டு காதுகளிலும் ஒரே நேரத்தில் கேட்டது.