பன்னிரண்டு ஷாட்

இது ஒன்பதாவது, என்று மனதுக்குள் எண்ணினாள் சுகிர்தா.

விருதுநகரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட ஒன்பது கேள்விகளுக்கும் அம்மா சொர்ணலட்சுமியே பதில் சொல்லியிருந்தாள்.

தவளைக் கருவும் இப்படித்தான். முதல் பன்னிரண்டு பிளவுகள் முடியும்வரை அதன் சொந்த மரபணுக்கள் அநேகமாக வாய் திறப்பதில்லை. முட்டைக்குள் தாய் போட்டுவைத்த கட்டளைப்படி ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். அதற்குப் பிறகுதான் கரு தானாகப் பேசத் தொடங்கும். தாயின் கட்டளைகள் கரைந்துபோகும்.

பெங்களூரில் சுகிர்தாவின் ஆராய்ச்சியே அதுதான். போன மாதம் இதை அம்மாவுக்குப் போனில் அரைமணி நேரம் விளக்கினாள். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

இன்றைக்குத் தவளை என்ற பேச்சே வரக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

"சமையலெல்லாம் வருமா?"

பத்து.

"அருமையாச் செய்வா," என்றாள் அம்மா. சுகிர்தாவுக்கே அது புதுச் செய்தி.

மாப்பிள்ளையின் அப்பா மேசையில் கிடந்த பட்டாசு லேபிள்களைப் புரட்டினார். நாரணாபுரத்தில் இருக்கும் சுகிர்தா வீட்டுப் பட்டாசுக் கம்பெனிக்கு அச்சாகி வந்தவை. நடுவிலிருந்து ஒரு படத்தை உருவினார்.

அது சுகிர்தா ஆய்வகத்தில் எடுத்த படம். அவளுடைய தவளைக் கரு. மரபணு விழித்த இடமெல்லாம் ஊதாச் சாயம். வந்தவர்கள் கண்ணில் படாமல் அம்மா அதை ஒளித்துவைத்தது அந்த லேபிள் கட்டுக்குள்தான்.

"புது ஐட்டமா? லேபிள் ஜோரா இருக்கே."

பதினொன்று.

"ஆமாங்க. இந்த சீசனுக்கு."

"வானத்துல எத்தனை ஷாட்டு வெடிக்கும்?"

அம்மா ஒரு கணம் சுகிர்தாவைப் பார்த்தாள்.

"பன்னெண்டுங்க."

அப்படியானால் அந்த மிக்ஸி சத்தத்திலும் கேட்டிருக்கிறாள்.

மாப்பிள்ளையின் அம்மா அருணாதேவி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"கல்யாணத்துக்குப் பெறகு அந்தப் பெங்களூர் வேலையை விட்டுருவேல்ல, தாயி?"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா தட்டிலிருந்த மைசூர்பாகில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தாள். முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.

மூன்று வருடமாகக் காப்பிக்குக்கூடச் சர்க்கரை சேர்க்காதவள்.

இரண்டு கன்னமும் உப்ப, மெல்லாமல், லேபிள் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுகிர்தாவின் குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

"இல்லீங்க அத்தை. விட மாட்டேன்."