எட்டாத காது

சித்தூர் வக்கீல் கோவர்த்தனனைப் பார்த்தபடி பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

அதுவரை எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நகரியில் அப்பாவும் சித்தப்பாவும் கூட்டாக நடத்திய நெசவு நூல் கடை. அப்பா இறந்தபோது மைனராக இருந்த இவனை லாபத்துக்கு மட்டும் சேர்த்துப் பத்திரம் எழுதினார்கள். இப்போது கடை கடனில் மூழ்கிவிட்டது.

பதினெட்டு முடிந்த ஆறு மாதத்துக்குள், ‘இந்தக் கூட்டு எனக்கு வேண்டாம்’ என்று கெஜட்டிலும் பேப்பரிலும் அறிவித்துவிட்டால், அவன் பேரில் உள்ள, அம்மா குடியிருக்கும் வீட்டை யாரும் தொட முடியாது. பேசாமல் இருந்தால் அவனும் கூட்டாளி. பழைய கடன் அத்தனையும் அவன் தலையில்.

கெஜட்டில் போட, அப்போது ஆந்திரத் தலைநகராயிருந்த கர்னூலுக்கு அனுப்ப வேண்டிய அறிவிப்பு தயார். வக்கீல் வயதுக்கு ஆதாரம் கேட்டார். பள்ளிக்கூட சர்டிபிகேட்டைக் கொடுத்தான்.

“ஏமய்யா, இதும்படி பதினெட்டு முடிஞ்சு ஒரு வருசத்துக்கு மேல ஆவுதே!”

“அது நெசமில்ல சார். பதினெட்டு முடிஞ்சு மூணு மாசந்தான் ஆவுது. பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப தலைக்கு மேல கையப் போட்டுக் காதத் தொடச் சொன்னாங்க. எட்டல. அதனால ஒரு வயசு கூட்டிச் சொல்லிட்டாங்க.”

வக்கீல் சிரித்துவிட்டார். “எனக்குந்தான்யா எட்டல.”

பிறகு சிரிப்பை நிறுத்தினார். “ஜாதகம்?”

“எழுதல சார்.”

“அப்ப அன்னிக்கு வயசு சொன்ன ஆளு கூண்டுல ஏறி, ‘நான் சொன்னது பொய்’னு சத்தியம் பண்ணணும். இந்தக் கடனோட சம்பந்தமில்லாத ஆளா இருந்தாத்தான் ஜட்ஜி நம்புவாரு. யாருப்பா அது?”

கோவர்த்தனன் எழுந்தான். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

காலை பஸ்ஸில் இவனை வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு வந்தவர் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். பள்ளியில் சேர்த்த அன்றைக்கு, “அஞ்சு முடிஞ்சிட்ச்சுங்க, புள்ளைக்குக் கைதான் குட்டை” என்று வாத்தியாரிடம் அடித்துச் சொன்னவரும், அழுத இவனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பியவரும் அவர்தான்.

“இன்னா நைனா, வெலகிட்டியா?” என்றார் சித்தப்பா.

“வெலகிட்டேன் சித்தப்பா.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “இனிமே எவன் வந்து என்னெ இழுத்துக்கினு போனாலும் போவட்டும்.”

பஸ் ஸ்டாண்டு வரைக்கும், இந்த நல்ல சேதியை அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்பதையே பேசிக்கொண்டு வந்தார்.