முன்பல்

கையை எடு என்றாள்.

குழந்தை கையை எடுத்தது. நாக்கை எடுக்கவில்லை. மூடிய உதட்டுக்குள் அது வேலை பார்த்துக்கொண்டிருப்பது வெளியே தெரிந்தது.

கீழ்வரிசையில் நடுப்பல். காலையில் பல் தேய்த்துவிடும்போது விரல் பட்டதும் ஆடிற்று.

இன்றைக்குத்தான் ஆட வேண்டுமா?

பதினோரு மணிக்கு டாக்டர் வருகிறார். மோனிஷாவுக்கு வயது ஐந்தா ஆறா என்று பார்த்து எழுதிக் கொடுப்பார். ஐந்து என்றால் இன்னும் ஒரு வருடம் அம்மாவோடு சிறையில் இருக்கலாம். ஆறு என்றால் திங்கட்கிழமை காப்பகத்து வேன் வந்து கூட்டிக்கொண்டு போகும். ஆறு முடிந்த பிள்ளையை உள்ளே வைத்துக்கொள்ள விதி இல்லையாம்.

ஐந்துதான். பெற்றவளுக்குத் தெரியாதா?

தெரிந்து என்ன பயன். செங்கல் சூளையில் பிறந்த பிள்ளை, பிறப்புச் சான்றிதழ் கிடையாது. இருக்கிற ஒரே காகிதம் அங்கன்வாடிப் பதிவேட்டின் நகல். அதில் ஒரு வயது கூட இருக்கிறது. கூட்டிச் சொன்னதும் அவள்தான். இரண்டு வயது முடியாத பிள்ளைக்கு வாரம் ஒரு முட்டை, முடிந்த பிள்ளைக்கு மூன்று. சூளையில் அத்தனை பேரும் கூட்டித்தான் சொன்னார்கள். எழுதிக்கொண்ட டீச்சருக்கும் அது தெரியும்.

இரண்டு முட்டைக்கு ஆசைப்பட்டது இப்போது இப்படி வந்து விடிந்திருக்கிறது.

வாய்தா வாய்தா என்று மூன்று வருடமாக அவள் வழக்கைத் தள்ளிப்போடுகிறவர்களுக்குப் பிள்ளையின் வயதில் மட்டும் ஒரு நாள் பொறுக்கவில்லை.

அந்த எரிச்சலில்தான் போன வாரம் சூப்பிரண்டு அம்மா சுற்றி வந்தபோது வாயை விட்டாள். மோனிஷாவின் வாயைத் திறந்து காட்டி, ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு பல்லாவது விழுந்திருக்காதா, இவளுக்கு ஆடக்கூட இல்லையே, பல் விழுந்தால் அப்புறம் வெளியே விடுங்கள் என்று கேட்டாள். அந்த அம்மாவுக்கும் நியாயமாகத்தான் பட்டது. டாக்டர் பார்க்கட்டும் என்று எழுதிக்கொண்டு போனார்.

நல்ல சாட்சியைப் பிடித்துவிட்டோம் என்று ஆறு நாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

சாட்சி இன்று காலை பல்டி அடித்துவிட்டது.

டாக்டர் வாயைத் திற என்றால் மெதுவாகத் திற, பல்லை மட்டும் தொடாதே என்று படித்துப் படித்துச் சொன்னாள். குழந்தை சரி என்று தலையை ஆட்டிற்று. உதட்டுக்குள் நாக்கும் ஆடியது.

பொறுமை போய்விட்டது. முதுகில் ஒன்று வைத்தாள்.

அடித்த கைதான் எரிந்தது. வேறு யாரை அடிப்பது? பதிவேட்டை அடிக்க முடியுமா, வாய்தாவை அடிக்க முடியுமா. இந்தக் கட்டடத்தில் அவள் கைக்கு எட்டுகிற ஒரே ஆள் இதுதான்.

குழந்தை அழவில்லை. அதுதான் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. எத்தனை நாளாக ஆட்டுகிறாய் என்று கேட்டாள்.

குழந்தை ஒரு கையை முழுதாக விரித்தது. யோசித்து, அடுத்த கையில் இன்னொரு விரலை நீட்டியது.

"பல்லு வுழுந்தா வெளிய உட்ருவாங்கன்னு நீதான சொன்ன" என்றது. "வெளிய போயி நாயி பாக்கலாம்மா."

உள்ளே வரும்போது அதற்கு இரண்டு வயது. மதிலுக்கு அப்பால் நாய் குரைப்பதைத் தினமும் கேட்கிறது. பார்த்த நினைவு இல்லை.

வேனைப் பற்றியும் காப்பகத்தைப் பற்றியும் அவள் இன்னும் அதனிடம் சொல்லவில்லை. ஐந்து என்று எழுதிவிட்டால் சொல்லவே வேண்டாமே என்று இருந்துவிட்டாள். இப்போது சொல்லப் பார்த்தாள்.

வராந்தாவிலிருந்து வார்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். டாக்டர் வந்தாயிற்று.

குழந்தை அவள் மடியில் ஏறி முட்டி போட்டது. அவளுடைய கீழுதட்டை ஒரு கையால் இறக்கிவிட்டு, நடுப்பல்லை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டது.

"ஒனக்கும் ஆட்டி உடுறேம்மா. அப்பதான் நீயும் வர முடியும்."

வார்டர் இன்னொரு முறை கூப்பிட்டாள்.

அவள் வாயை மூடவில்லை.