ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க

சுபஸ்ரீயின் போன் வந்தபோது நான் பழைய சோற்றை முடித்துவிட்டு ஃபேனுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். மணி பத்து.

"பிரவீன் அண்ணா, கரண்ட் போயிடுச்சு. சோலாரும் வர மாட்டேங்குது. பெட்டியில செவப்பு லைட்டு எரியுது. எதை அமுக்கணும்?"

குரலில் பதற்றமே இல்லை. ஏதோ ஒரு சுவிட்ச் இருக்கும், அண்ணன் சொல்லிவிடுவார், அமுக்கினால் வந்துவிடும் என்கிற குரல்.

அவர்கள் வீட்டு மாடியில் பேனல் மாட்டிக் கொடுத்தவன் நான்தான்.

அவளுடைய மகள் யாழினிக்கு ஆறு வயது. அந்தக் குழந்தைக்கு வேர்க்காது. வேர்வைச் சுரப்பியே இல்லாமல் பிறந்துவிட்டது. நமக்கு வேர்த்து ஊற்றி உடம்பு ஆறிவிடும். அவளுக்கு உள்ளே போன சூடு உள்ளேயே நிற்கும். திருச்சியின் மே மாத வெயிலுக்கு அரை மணி நேரம் போதும், உடம்பு கொதித்துக் கண் செருகிவிடும்.

அதனால் பகல் முழுக்க ஏசி. கரண்ட் பில்லைக் கட்டி மாளாமல்தான் சுபஸ்ரீயின் கணவர் ரஞ்சித் என்னைக் கூப்பிட்டார். எந்த வெயில் என் பொண்ணை வாட்டுதோ, அதே வெயிலை வச்சு அவளைக் குளுகுளுன்னு வச்சுக்கலாம் இல்லையா என்று கேட்டார். அடடா, இது நமக்குத் தோன்றவில்லையே என்று அதையே அடுத்த வீடுகளில் நான் சொல்ல ஆரம்பித்தேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

பேனல் மாட்ட இரண்டு நாள்தான் ஆயிற்று. போகிற கரண்டையும் வருகிற கரண்டையும் கணக்கெடுக்கும் மீட்டர் வர நாலு மாதம் ஆயிற்று. போன மாதம்தான் வந்தது. அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் முதல் ஷட்டவுன். பராமரிப்பு வேலை, காலை ஒன்பதே முக்காலிலிருந்து மாலை நான்கு வரை கரண்ட் இருக்காது என்று நேற்றே பேப்பரில் போட்டிருந்தார்கள்.

முன்பெல்லாம் ஷட்டவுன் நாளில் அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. பனியனை நனைத்துப் போட்டுவிட்டு, குழந்தையை ஃபேனுக்கு நேராக உட்கார வைப்பார்கள். ஈரம் காயக் காய உடம்பு ஆறும். ஏசியை இழுக்காவிட்டாலும் ஒரு ஃபேனை சாயங்காலம் வரை ஓட்ட வீட்டில் பேட்டரியோடு ஒரு பழைய இன்வெர்ட்டர் இருந்தது.

மீட்டர் மாட்டிய அன்று சுபஸ்ரீ அதைக் காட்டி, இது இருந்துட்டுப் போகட்டுமா அண்ணா என்று கேட்டாள்.

"கரண்ட் போனா என்னங்க, சூரியன் போகாதுல்ல" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். யாழினியும் சிரித்தாள். அன்று சாயங்காலமே அந்த இன்வெர்ட்டர் வீட்டை விட்டுப் போயிற்று.

எனக்கு விதி தெரியாதா? நன்றாகவே தெரியும். லைனில் கரண்ட் நின்றால் சோலாரும் தானாக நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் மாடியில் உண்டாகிற கரண்ட் கம்பி வழியாகப் போய், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற ஆளை அடித்துவிடும். நியாயமான விதிதான். கரண்ட் போனாலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரி வைத்த சோலார் வேண்டும். பேட்டரிக்கு மானியம் கிடையாது. விலையைச் சொன்னால் ஆள் ஓடிவிடுவார் என்று நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். சோலார் வராதுங்க, குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஆட்டோவுல ஏறுங்க, காவிரிப் பாலத்தைத் தாண்டினா தில்லை நகர்ல கரண்ட் இருக்கு, ஏசி போட்ட ஆஸ்பத்திரி இருக்கு. இவ்வளவுதான். சொல்லி முடிக்கப் பத்து விநாடி ஆகாது.

ரஞ்சித்தின் சிபாரிசில் தில்லை நகரில் இரண்டு வீட்டுக்கு சோலார் மாட்டப் பேசி வைத்திருந்தேன். அது நினைவுக்கு வந்தது.

ஆஃப் பண்ணிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க, வந்துடும் என்று சொல்லிவிட்டேன். பதில் தெரியாதபோது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது இது. எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

சரிங்கண்ணா என்று வைத்துவிட்டாள்.

அவர்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் மேலூர் பக்கம். தனி வீடு. சுற்றிலும் உள்ள மனைகளில் இன்னும் கல்தான் நட்டிருக்கிறது. ரஞ்சித் வேலைக்கு மருங்காபுரி போய்விட்டார். கூப்பிட்டால் ஓடி வர ஆள் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன்.

பத்தே முக்காலுக்கு மறுபடி போன்.

"அண்ணா, நாலு தடவை பண்ணிட்டேன். பனியனை நனைச்சுப் போட்டு விசிறிக்கிட்டேதான் இருக்கேன். பாப்பா தூங்கிட்டா, எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்குறா. இன்னொரு தடவை ஆஃப் பண்ணவா?"

அப்போதுதான் என் வாயிலிருந்து உண்மை வந்தது. வராதும்மா, அது வராது, பாப்பாவைத் தூக்கிட்டு ஓடுங்க என்று கத்தினேன்.

அவள் திட்டியிருந்தாலாவது தேவலை. விசிறி கீழே விழுந்த சத்தம் கேட்டது, லைன் போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். மணி அடிக்கிறது. எடுப்பார் இல்லை.

என் வீடு திருவானைக்காவலில். ஷட்டவுன் இங்கேயும்தான். காலையிலிருந்து எங்கள் தெருவிலும் கரண்ட் இல்லை.

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை ஓட்டுகிற இன்வெர்ட்டர் மூலையில் இருக்கிறது. பழைய சாமான்தானே, எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கிறேன் என்று நான்தான் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அதன் பக்கவாட்டில் ஸ்கூல் நோட்டில் ஒட்டுகிற லேபிள் ஒன்று இருக்கிறது. கிழித்துப் போட வேண்டும் என்று நினைத்து மறந்துவிட்டேன்.

பெயர் என்ற இடத்தில், யாழினி என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. பாடம் என்ற இடத்தில், என் ஃபேன்.