வாசல் கல்

கல் ஜில்லென்று இருந்தது. அப்படியென்றால் செய்தது நல்ல காரியம்தான் என்று கையைத் தட்டிக்கொண்டான் வாசல் காவல்காரன்.

வெளியே ஒரு கிழவரும் அவர் மருமகளும் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார்கள். பொழுது சாய்ந்தால் மதிலுக்கு வெளியே பனி இறங்கும். அதில் மாட்டிய யாரும் காலையில் மிஞ்சியதில்லை. ஆனாலும் வெளியூர்க்காரர்களை உள்ளே விடக் கூடாது என்பது ஊர்த்தலைவரின் உத்தரவு.

சரியா தப்பா என்று அந்த ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. வாசல் கல்லில் கை வைத்தால் போதும். தப்பு என்றால் சுடும், சரி என்றால் குளிரும். உலகத்தைப் படைத்தவனே நட்டுவிட்டுப் போன கல்லாம். அதற்கு மேல் ஏது அப்பீல்?

போன வாரம் அவன் மனைவி, பக்கத்து வீட்டுக் கன்றுக்குத் தண்ணீர் வைக்க மறந்துவிட்டு இதே கல்லைத் தொட்டாள். கை கொப்பளித்துவிட்டது.

"தினமும் ஆளுங்களை விரட்டுற எனக்கே ஒண்ணும் ஆகல. ஒரு கன்னுக்குட்டிக்கு உனக்கு இந்தச் சூடா? பெரிய பாவிடி நீ!" என்று வீடு அதிரச் சிரித்தான் அவன்.

தலைவர் சாவியோடு வந்து நின்றார். பூட்டப் போகும் நேரத்தில் வெளியே இன்னொரு குரல்.

"அண்ணே, நான்தாண்ணே! கைக்குழந்தையோட வந்திருக்கேன். கதவைத் திறண்ணே!"

காவல்காரன் கதவருகே ஓடினான். அடுத்த ஊரில் வாழப்போன ஒரே தங்கை.

"ஐயா, என் கூடப் பிறந்தவய்யா!"

"இருக்கட்டுமே. கட்டிக்கொடுத்த அன்னிக்கே அவ வெளியூர்க்காரி. வழக்கம்போல கல்லுல கைய வை, பூட்டிட்டுப் போலாம்."

கை வைத்தவன் அலறிப் பின்வாங்கினான். உள்ளங்கை வெந்து போயிருந்தது. வலியில் கண்ணீர் முட்டியது. ஆனால் மனசுக்குள் அப்படியொரு சந்தோஷம்.

"சுட்டுடுச்சுய்யா! இது பாவம்னு கல்லே சொல்லிடுச்சு! திறங்கய்யா, பனி வருது!"

தலைவர் அவன் உள்ளங்கையை உற்றுப் பார்த்தார். பிறகு நிதானமாக நடந்துபோய், தன் கையைக் கல்லின்மேல் வைத்தார். வெளியே குழந்தை வீறிட்டு அழுதது.

கையை எடுக்காமலே அவனைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"எனக்கு ஜில்லுன்னுதான் இருக்கு. அந்தக் கிழவரை விரட்டினப்போ உனக்கும் இப்படித்தானே இருந்துச்சு?"